எம்.பி.க்கும் ஒரு செக்ரோல்

34 வருஷம் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதியவன் நான். செக்ரோல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு வந்து, மலைக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்தை எடுத்தால் முழுப்பேர், முழு நாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். வராவிட்டால் கட்டத்தில் ஒரு கோடு. மாதம் முடிந்து கூட்டினால் யார் எத்தனை நாள் நின்றார், கைக்கு எவ்வளவு வரும் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். "அன்னைக்கு காய்ச்சல் ஐயா, ஆனாலும் வந்து நின்னேனே" என்று அழுத பெண்ணிடம் கட்டத்தைக் காட்டி, அரைப்பேர்தான் என்று சொன்ன பாவமும் எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் கோயில் முன்றலில் ஒரு தேர்தல் கூட்டம். வந்தவர் ஐந்து வருஷம் எம்.பி.யாக இருந்தவர். மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள், அவரும் முக்கால் மணி நேரம் பேசினார். பாராளுமன்றத்தில் எங்களுக்காகக் 'குரல் கொடுத்தேன்' என்று ஏழு தடவை சொன்னார், நான் எண்ணினேன். எந்தத் திகதி, எந்தச் சட்டம், எந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. அப்போதுதான் மனசில் பட்டது: ஒரு கிலோவுக்காக அரைப்பேர் போட்ட நான், இவருக்கு ஐந்து வருஷத்தில் ஒரு கட்டம்கூடப் போடவில்லையே!

மறுநாள் டவுனுக்குப் போய், எம்.பி.மாருக்கும் கட்டம் போட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன். இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. எப்படிச் செய்வது என்று பல தோட்டங்களிலிருந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

யாருக்குப் பக்கம் ஒதுக்குவது

முதல் தவறு இங்கேதான் நடக்கும். "எங்க எம்.பி." என்று நாம் ஒருவரைத்தான் சொல்லிப் பழகிவிட்டோம். நம் தேர்தல் முறையில் தோட்டத்துக்கு ஒரு எம்.பி., ஊருக்கு ஒரு எம்.பி. என்று கிடையாது. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதற்கு மேல் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. மாவட்டம் முழுதும் சேர்ந்து ஆட்களை அனுப்புகிறது. நுவரெலியாவிலிருந்து 8 பேர், பதுளையிலிருந்து 9, கண்டியிலிருந்து 12. ஆகவே நுவரெலியாக்காரருக்கு எட்டுப் பக்கம் வேண்டும். சிங்கள உறுப்பினருக்கும் பக்கம் உண்டு. அவரும் நம் வரிப்பணத்தில்தான் சம்பளம் வாங்குகிறார். மலையகத்துக்காரர் கேட்டால் ஒரு மாதிரி, மற்றவர் கேட்டால் வேறு மாதிரி என்று பதில் வருவதையும் அப்போதுதான் பிடிக்கலாம். தேசியப் பட்டியலில் வந்தவர்கள் 29 பேர். அவர்களில் நம் சங்கத்தோடோ கட்சியோடோ சம்பந்தப்பட்டவர் இருந்தால் அவருக்கும் ஒரு பக்கம்.

ஒரு பக்கத்தில் ஆறு நிரல் போதும். திகதி. விஷயம். இவர் போட்ட வாக்கு. இதைப் பற்றி முன்பு இவர் எங்கே, என்ன சொன்னார். நாம் எப்போது கேட்டோம். என்ன பதில் வந்தது. என் அனுபவத்தில் நான்காவது நிரல்தான் கஷ்டமானது, கொப்பிக்கு மதிப்பு தருவதும் அதுதான். தேர்தல் நேரத்துத் துண்டுப் பிரசுரங்களை யாரும் சேர்த்து வைப்பதில்லை. பிள்ளைகள் கப்பல் செய்துவிடும். நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். கூட்டத்தில் பேசினால் போனில் பதிவு செய்து, அன்றிரவே திகதியோடு கொப்பியில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் நாமே நமக்குப் பிடித்த மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

ஹன்சாடை வாசிப்பது

பாராளுமன்றம் சாதாரணமாக மாதத்தில் எட்டு நாள் அளவில் கூடும். அங்கே பேசியதும் வாக்களித்ததும் ஹன்சாடில் அச்சாகிறது. பாராளுமன்ற இணையதளத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். முதலில் 'பிழை திருத்தப்படாதது' என்ற குறிப்போடு வரும், அதைக் கவனியுங்கள். பேச்சு பேசியவரின் மொழியிலேயே இருக்கும், மொழிபெயர்த்துப் போடமாட்டார்கள். அதனால் சிங்களம் சரளமாக வாசிக்கும் ஒரு பிள்ளை பக்கத்தில் வேண்டும். எனக்குக் கீழ் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஏ.எல். படிக்கும் ஒரு தம்பி கிடைத்தான். போனில் எழுத்தைத் தட்டித் தேடினால் சில கோப்புகளில் ஒன்றும் அகப்படாது, எழுத்துருக் கோளாறு. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்த பக்கத்தை மட்டும் கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துக் கொப்பியில் ஒட்டுங்கள். முழு ஹன்சாடையும் பிரின்ட் எடுக்கப் போனால் கைக்காசு தாங்காது.

எல்லாவற்றுக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சபாநாயகர் கேட்பார், உறுப்பினர்கள் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சத்தம் போடுவார்கள், காதில் பட்டதை வைத்து நிறைவேறியது என்று அறிவித்துவிடுவார். யாராவது வாக்கெடுப்புக் கேட்டால்தான் மணி அடித்து, பெயரோடு பதிவாகும். வாக்கெடுப்பின்றி நிறைவேறிய சட்டத்துக்கு என் கொப்பியில் ஒரு வட்டம் போட்டு, 'ஏன் வாக்கெடுப்புக் கேட்கவில்லை?' என்று எதிரே எழுதுகிறேன். எதிர்க்கிறேன் என்று வெளியே மைக்கில் சொல்லிவிட்டு, உள்ளே சத்தத்தோடு சத்தமாகக் கரைந்து போனவரை இப்படித்தான் பிடிக்கலாம்.

பழகிப் பார்க்க நான்கு நாளைச் சொல்கிறேன். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம், 2010 செப்டெம்பர் 8, 161க்கு 17. அதைக் குறைத்த 19ஆவது, 2015 ஏப்ரல் 28. மறுபடி கூட்டிய 20ஆவது, 2020 ஒக்டோபர் 22, 156க்கு 65. மறுபடி குறைத்த 21ஆவது, 2022 ஒக்டோபர் 21, இரண்டாம் வாசிப்பில் 179க்கு 1. பன்னிரண்டு வருஷத்தில் ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி. நான்கு பட்டியலையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, உங்கள் மாவட்டத்துப் பெயர்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். ஒரு பெயர் இரண்டு திசையிலும் 'ஆம்' என்று இருந்தால், அவர் மனம் மாறியிருக்கலாம், அது குற்றமில்லை. எப்போது, ஏன் மாறியது என்று நமக்குச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. 20ஆவது திருத்தத்தில், எதிர்க்கட்சிச் சின்னத்தில் பதுளையில் வென்ற மலையக உறுப்பினர் ஒருவரும் 'ஆம்' பக்கத்தில் இருந்தார். கூட்டணித் தலைவர்கள் கோபப்பட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. புள்ளடி போட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வெறும் கட்டத்தையும் பாருங்கள். 179உம் 1உம் 180. சபையில் இருப்பது 225 பேர். மிச்சம் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் எங்கே போனார்கள்? நோயாளி இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக இருக்கத் தேநீர்ச்சாலையில் உட்கார்ந்தவரும் இருக்கலாம். அரசியலமைப்பின்படி, சபையின் அனுமதி இல்லாமல் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் ஆசனம் போகும். தோட்டத்தில் அவ்வளவு நாள் வராவிட்டால் பேரையே வெட்டிவிடுவோம்.

இங்கே நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வருஷம் ஒருவருக்குக் கோடு போட்டு, 'வரவில்லை' என்று சங்கக் கூட்டத்தில் வாசித்துவிட்டேன். அவர் வந்திருந்தார், எதிர்த்து வாக்கும் போட்டிருந்தார். பட்டியலில் அவர் பெயர் நாங்கள் கூப்பிடும் பெயராக இல்லாமல் முதலெழுத்தும் அப்பா பெயருமாக இருந்தது, நான் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என் பிழை என்று சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு உறுப்பினர் பக்கத்தின் தலையிலும் அவருடைய முழுப்பெயர் மூன்று மொழியிலும் இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு கட்டமும் நிரப்புவதில்லை.

ஹன்சாடில் கிடைக்காதவை

2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றமே ஜனாதிபதியைத் தெரிவு செய்தது. 134, 82, 3 என்று மூன்று எண்கள்தான் நமக்கு மிச்சம். இரகசிய வாக்கு, யார் யாருக்குப் போட்டார் என்று எங்கும் இல்லை. "நான் அவருக்குப் போடவில்லை" என்று பிறகு சொன்னால் நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கொப்பியில் ஏற்ற வேண்டாம்.

அடுத்தது சம்பளம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தோட்டச் சம்பளம் முன்பு கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது, கம்பனிகள் ஒரு பக்கம், கையெழுத்திடும் சங்கங்கள் மறுபக்கம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது, 900 அடிப்படையும் 100 மேலதிகமும். 2024இல் 1700 என்று அறிவித்து, வழக்குப் போய், கடைசியில் அடிப்படை 1350ஆக நின்றது. நிர்ணய சபையில் உட்காருவது முதலாளி பிரதிநிதிகளும் சங்கப் பிரதிநிதிகளும் அரசாங்கம் நியமித்தவர்களும். ஆகவே "சம்பளத்துக்குப் பாராளுமன்றத்தில் சண்டை பிடித்தேன்" என்று ஒருவர் சொன்னால், "உங்கள் சங்கத்துக்காரர் நிர்ணய சபையில் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன 1750இல் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. 1550 கம்பனி கொடுக்க வேண்டியது. 200 வேலைக்கு வந்த நாளுக்காக அரசாங்கம் கொடுப்பது. அந்த 200 பாராளுமன்றம் ஒதுக்கும் பணம், அதற்கான வாக்கை ஹன்சாடில் பார்க்கலாம். ஒரே சம்பளத்தின் இரண்டு துண்டுக்கு இரண்டு இடத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

பிரதேச சபை இன்னும் பக்கத்தில் இருக்கிறது, பார்ப்பவர்தான் இல்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே "சட்டத்தில் இடமில்லை" என்ற பழைய பாட்டு இனிச் செல்லாது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பல சபைகளில் தவிசாளரைத் தெரிவு செய்யக் கூடியபோது ஒரு வேடிக்கை நடந்தது. திறந்த வாக்கா, இரகசிய வாக்கா என்பதற்கே முதலில் ஒரு வாக்கு! என்னைக் கேட்டால் மெம்பரை எடைபோட அந்த ஒரு வாக்கே போதும். யாருக்குப் போடுவாய் என்று கேட்க வேண்டாம். திறந்து போடுவதற்குக் கை தூக்கினாயா என்று கேளுங்கள். நம் சபையில் மாதக் கூட்டத்தைப் பார்க்கச் செயலாளருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தேன், பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். நான் போன முதல் நாள் மெம்பர்மார் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமாகப் பேசினார்களாம், பியோன் குறைப்பட்டுக்கொண்டார்.

பணம் எங்கே போனது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. எம்.பி. சிபாரிசில் செலவாகும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி மாவட்டச் செயலகத்தின் வழியாகத்தான் போகும். அங்குள்ள தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வாங்கியதற்குத் துண்டு கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறார்களா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. கேள்வி மட்டும் சின்னதாக இருக்கட்டும். 'எங்கள் பிரிவுக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் ஒரு கட்டுரை வரும். 'இந்த வருஷம் இந்தக் கிராம சேவகர் பிரிவில் இன்ன உறுப்பினரின் சிபாரிசில் செய்த வேலைகளின் பெயர், தொகை, ஒப்பந்தகாரர், முடிந்த திகதி' என்று கேட்டால் ஒரு அட்டவணை வரும். எனக்கு வந்த அட்டவணையில் கோயில் பாதைக்கு 80 மீட்டர் கொங்கிரீட் என்று இருந்தது. நானும் தம்பியும் கயிறு பிடித்து அளந்தோம். இரண்டு தடவை அளந்தும் 52தான். மிச்ச 28 மீட்டர் இன்னும் கடிதங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

கேட்கும் விதம்

நான் எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கம். பாதை, தண்ணி, மலசலகூடம், வாசிகசாலை, சம்பளம், எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். 'கவனத்திற் கொள்ளப்படும்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் அவரால்தான் என்ன எழுத முடியும்? இப்போது இப்படி எழுதுகிறோம்:

'கௌரவ உறுப்பினர் அவர்களுக்கு. இன்ன திகதி இன்ன சட்டமூலத்துக்கு நீங்கள் ஆதரவாக வாக்களித்ததாக ஹன்சாடில் இருக்கிறது, பிரதி இணைத்துள்ளோம். இன்ன திகதி எங்கள் கோயில் முன்றலில் அதை எதிர்ப்பதாகச் சொன்னீர்கள். இடையில் என்ன மாறியது என்று எழுதித் தரவும். உங்கள் பதிலை அடுத்த மாதக் கூட்டத்தில் அப்படியே வாசிப்போம். பதில் வராவிட்டால் வரவில்லை என்று வாசிப்போம்.'

பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டை ஒட்டி வையுங்கள். கீழே ஒரு கையெழுத்து மட்டும் இருக்கக் கூடாது. வீட்டுத்திட்டப் பட்டியலில் பேர் இருக்கிறவர், மகனுக்கு வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்தவர், கூரைத்தகட்டுக்குக் காத்திருக்கிறவர், இவர்களுக்குப் பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது, ஏழு பேர்ச் காணிக்காக ஒரு தலைமுறையே காத்திருக்கிறது. அவர்களைக் கோழை என்று பேச வேண்டாம். என்னைப் போல் ஓய்வு பெற்று, இழக்க ஒன்றும் இல்லாதவர்கள் முதல் வரியில் கையெழுத்துப் போடுங்கள். பதினைந்து கையெழுத்து சேர்ந்த பிறகு மற்றவர்கள் தானாக வருவார்கள்.

மற்ற இரண்டு விஷயத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி உறுப்பினர்களின் சொத்து விபரம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தளத்தில் வருகிறது. தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் கொடுக்க வேண்டும். வெடிக்கும் மாலைக்கும் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன், சிரிப்புத் தாங்கவில்லை.

நம் ஊரில் எம்.பி.யை இடையில் திருப்பி அழைக்கச் சட்டம் இல்லை. ஆனால் கட்சி வெளியேற்றினால், அரசியலமைப்பின் 99(13) பிரிவின்படி ஆசனம் போகலாம். அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். கட்சி முடிவுக்கு எதிராக வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்ததற்காக முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய நசீர் அஹமட்டின் ஆசனம் 2023 ஒக்டோபரில் போனது. தேசியப் பட்டியல் உறுப்பினர் ஹரின் பெர்னாண்டோவின் ஆசனம் 2024 ஓகஸ்டில் போனது. நீதிமன்றம் பார்ப்பது, கட்சி தன் யாப்பின்படி விசாரித்து ஒழுங்காக நீக்கியதா என்பதை. விளக்கம் கேட்காமல் கோபத்தில் நீக்கினால் வழக்கில் தோற்கும். ஆக, எம்.பி.யைத் தட்டிக் கேட்கும் பிரம்பு கட்சியின் கையில் இருக்கிறது, அந்தப் பிரம்பு எப்படிப்பட்டது என்பது ஒரு யாப்புப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

அக்காவின் சந்தா

மலையகத்தில் கட்சியும் சங்கமும் ஒரே வீட்டின் இரண்டு கதவு. எங்கள் அக்கா 38 வருஷம் கொழுந்து எடுத்தவர். மாதாமாதம் அவர் சம்பளத்தில் சந்தா வெட்டினார்கள். வெட்டி எழுதியவனே நான்தான்! 34 வருஷம் அந்த நிரலைக் கூட்டிக் காசோலைக்கு அனுப்பியிருக்கிறேன், அது எங்கே போய் என்ன ஆனது என்று ஒருநாள் யோசித்ததில்லை. கொப்பியைப் பார்த்துவிட்டு அக்காதான் கேட்டார்: "தம்பி, எம்.பி.க்கு கட்டம் போடுறே, சரி. அவரை நிறுத்தினது யாரு? நம்ம சங்கம்தானே. அதுக்கு எங்க கட்டம்?"

பதில் இல்லை என்னிடம்.

கட்சி பிழை விட்டால் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி, சந்தாவை வேறு சங்கத்துக்கு மாற்றுவது. ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்தது. நானே நூற்றுக்கணக்கில் மாற்றி எழுதியிருக்கிறேன், இரண்டு வருஷத்தில் பாதிப்பேர் திரும்பி வந்து மறுபடி கடிதம் கொடுப்பார்கள். மாற்றுவது உரிமை, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவராக மாற்றினால் சங்கத்துக்கு வலிக்காது. முழுப் பிரிவும் சேர்ந்து, 'இதைச் செய்யாவிட்டால் இந்த மாதத்தோடு மாற்றுவோம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் வலிக்கும். ஒரு தொழிலிடத்தில் 40 வீதத்துக்குக் குறையாத அங்கத்தவர் இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது என்பது சட்டம். அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தில் நிற்கும் சங்கத்துக்கு உங்கள் பிரிவின் அறுபது பேர் பெரிய விஷயம்.

அதற்கு முன் உள்ளே இருந்து செய்யக்கூடியதைச் செய்யுங்கள். யாப்பை வாங்குங்கள். சங்கத்தின் யாப்பு தொழிற்சங்கப் பதிவாளரிடமும், அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் யாப்பும் நிர்வாகிகள் பட்டியலும் தேர்தல் ஆணைக்குழுவிடமும் இருக்கும். "எங்களிடம் பிரதி முடிந்துவிட்டது" என்று சங்க ஆபீஸில் சொன்னால், சரி, அங்கே எழுதிக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதற்கு அடுத்த வாரமே பிரதி கிடைத்துவிட்டது. வாசிக்கும்போது தோட்டக் கமிட்டியை யார், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை தெரிவு செய்கிறார்கள், வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள், கணக்கு எப்போது யாரிடம் வைக்கப்படுகிறது, உறுப்பினரை விசாரிக்க என்ன முறை என்ற நான்கு இடத்தில் மட்டும் கோடிட்டால் போதும். முன்னுரையில் தியாகம், வரலாறு என்று நிறைய இருக்கும். அது கூட்டத்துக்கு உதவும்.

வரலாறு என்றதும் ஒன்று. கை தூக்குவதெல்லாம் சும்மா சடங்கு என்று நினைக்கும் இளசுகளுக்கு: 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம் ஆட்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை போனது. அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். அந்த விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. முதல் புள்ளடியைப் போட்டபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சாவடியிலிருந்து வந்து, மை பூசிய விரலை அன்றிரவு வரை கழுவவே இல்லை.

அக்கா செய்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் கமிட்டித் தெரிவு என்றால் மேலிடத்து ஆள் ஒருவர் ஜீப்பில் வருவார், பெயரை வாசிப்பார், கை தட்டுவோம், ரோல்ஸும் தேத்தண்ணியும் தருவார்கள். கொழுந்து எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள், தலைவர் எப்போதும் ஆண்தான். பெண்ணுக்கு 'மாதர் தலைவி' என்று தனியாக ஒரு நாற்காலி. அக்கா மூன்று தீர்மானம் எழுதிக்கொண்டு போனார். எழுதியது நான், சொல்லச் சொல்ல. தலைவரைப் பெட்டி வைத்து இரகசிய வாக்கில் தெரிவு செய்ய வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சந்தாக் கணக்கைத் தோட்டத்திலேயே தமிழில் வாசிக்க வேண்டும். நம் சங்கத்தின் பெயரில் பாராளுமன்றமோ பிரதேச சபையோ போகிறவர், ஒவ்வொரு முக்கிய வாக்குக்குப் பிறகும் ஏன் அப்படிப் போட்டார் என்று கமிட்டிக்கு எழுத வேண்டும்.

தீர்மானத்தை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு. கூட்டக் குறிப்பில் ஏற்றினார்களா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள். நிராகரித்தாலும் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதச் சொல்லுங்கள். ஜீப்பில் வந்தவர் நல்ல மனுஷர், என் பக்கம் குனிந்து, "அண்ணே, கணக்கெல்லாம் கொழும்புல இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "கையில ரசீதுப் புத்தகம் இருக்கே தம்பி" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் குறிப்பில் எழுதினார். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அங்கத்தவருக்கு உரிமை உண்டு என்பதும், ஆண்டுக் கணக்கு பதிவாளருக்குப் போக வேண்டும் என்பதும் தொழிற்சங்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வரியைப் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தோம்.

இரகசிய வாக்கு கிடைத்தது. பெட்டிக்குப் பதில் பிஸ்கட் டின், என்னுடைய பிரசுர டின்தான். அக்கா தோற்றார், பதினொரு வாக்கில். வென்றவர் பழைய தலைவரே. ஆனால் இப்போது கமிட்டிக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிறார். மூன்றாவது தீர்மானம் மேலிடத்துக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொரு மாதமும் கேட்டு, 'பதில் இல்லை' என்று அக்காவே தன் கையெழுத்தில் கட்டத்தை நிரப்புகிறார்.

கணக்கு வந்துவிட்டது. ஏழு மாதம் கழித்து, நான்கு தாள், முழுக்க இங்கிலீஷில். கீழ் லயத்துத் தம்பி ஞாயிறு மத்தியானம் வந்து ஒவ்வொரு வரியாகச் சொல்கிறான், நான் தமிழில் எழுதுகிறேன், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். இப்போது மூன்றாம் தாளில் 'இதர செலவு' என்ற வரியில் நிற்கிறோம். அந்தப் பக்கத்தில் பெரிய தொகை அதுதான். அடுத்த ஞாயிறும் அங்கேயேதான் நிற்போம் போலிருக்கிறது.